திருஷ்டிப் பொட்டு வைத்த வரைவுகள்

எங்கள் பழைய அலுவலகத்தில் இப்போது கடிதமெல்லாம் மலையாளத்தில்தான் போகிறதாம். ராதாமணி போன வாரம் போன் செய்து சொன்னாள். அவளும் ஓய்வு பெற்றவள்தான். ஆனால் மாதம் ஒரு முறையாவது அங்கே போய் டீ குடிக்காவிட்டால் அவளுக்குத் தலை வலிக்கும். அங்கே இருக்கிற சின்னப் பிள்ளைகள், "அந்தக் காலத்துல ஒரு இங்கிலீஷ் லெட்டர் வெளிய போக மூணு நாள் ஆகுமாமே, அப்படி என்னதான் எழுதினீங்க?" என்று அவளைக் கேட்டார்களாம். "அதுக்கு உத்தரம் பறயான், பதில் சொல்ல, ஜானகி மாமிதான் வேணும்" என்று என் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறாள். பதில் கொஞ்சம் நீளமானது. போனில் சொன்னால் காது சூடாகும் என்று எழுதி வைக்கிறேன்.

நான் ஸ்ரீவராகத்தில் பிறந்து, அங்கேயே இரண்டு தெரு தள்ளி வாக்கப்பட்டவள். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், விரலில் இங்கிலீஷ். கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் முடித்து, பரீட்சை எழுதி, இருபத்து மூன்று வயதில் ஓர் அரசு டைரக்டரேட்டில் டைப்பிஸ்டாக உட்கார்ந்தேன். எந்தத் துறை என்று சொல்லமாட்டேன். சொன்னால் மீதிக் கதையைச் சொல்ல முடியாது. முதல் பதினைந்து வருஷத்தில் எழுதத் தகுந்ததாக எதுவும் நடக்கவில்லை. இரண்டு குழந்தைகள் பெற்றேன், மூன்று டைப்ரைட்டர்களைத் தேய்த்தேன், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பிரிவுக்கு ஞானதாஸ் சார் சூப்பிரண்டாக வந்தார். பாறசாலைக்கும் அந்தப் பக்கம், எல்லையை ஒட்டின ஊர்க்காரர். அப்பா சர்ச் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். முழுக்கைச் சட்டையில் கழுத்துப் பொத்தானையும் விடாமல் போட்டிருப்பார். அந்த வேர்வையிலும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை, குரல் உயர்த்திக் கேட்டதில்லை. அலுவலகத்தில் அவரும் நானும்தான் தமிழ். ஆனால் அவர் தமிழும் என் தமிழும் ஒன்று என்று யாராவது சத்தியம் செய்தால்தான் நம்பலாம். நான் "சொல்லுங்கோ" என்பேன், அவர் "செல்லுங்க" என்பார். முதல் வாரம் நான் இரண்டு தடவை எழுந்து வெளியே போகப் பார்த்தேன்.

அவர் வரைவைப் படிக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவின் வேலை ஊழியர்களின் இடமாற்றம். ராதாமணி குறிப்பு எழுதிக் கடிதத்தின் வரைவைப் போடுவாள். நான் அதை அகல மார்ஜின் விட்டு, வரிக்கு வரி இடம் விட்டு டைப் செய்வேன். சார் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொள்வார். மரஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமாக ஒரு பென்சில் இருக்கும். ஸ்கேல் ஒவ்வொரு வரியாக இறங்கும். திடீரென்று ஓர் இடத்தில் நிற்கும். நீல முனையால் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போடுவார். பென்சிலைத் திருப்பி, சிவப்பு முனையால் அந்த வட்டத்திலிருந்து ஓர் அம்புக்குறி இழுத்து, அந்தச் சொல் எங்கே போய் நிற்க வேண்டுமோ அங்கே கொண்டுபோய் விடுவார். வட்டத்துக்குள் மாட்டுவது எப்போதும் வினையடைதான். எப்படி, எங்கே, எப்போது என்று சொல்கிற சொற்கள். வேறு எந்தத் தப்பும் அவரை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது.

"இதுல என்ன இருக்கு ஜானகி, ஹௌ, வேர், வென்" என்று மூன்று விரலை மடக்குவார். "நமக்குத் தமிழ்ல எப்பம், எங்க, எப்படி. இங்கிலீஷ்காரனுக்கு அது திரும்பி வரும். நாகர்கோவிலுக்குப் போற வண்டிதான் திரும்பியும் வருது. ஸ்டேஷன் எல்லாம் ஒண்ணுதான், வரிசைதான் மறிச்சு."

உண்மைதான். நாம் 'நேற்று ஆபீசில் ஒழுங்காக வேலை செய்தேன்' என்போம். பொய்யாக இருந்தாலும் வரிசை அதுதான். ஆங்கிலத்தில் வேலையை முதலில் சொல்லிவிட்டு, ஒழுங்காக, ஆபீசில், நேற்று என்று வர வேண்டும். போவது, வருவது என்றால் மட்டும் இடத்துக்கு முன்னுரிமை, எப்படிப் போனோம் என்பது அப்புறம். 'ஆல்வேஸ்', 'யூஷுவலி' போன்றவர்கள் வேறு கேடர். அவர்களுக்கு வினைக்கு முன்னால் நாற்காலி. 'ஒன்லி' இருக்கிறதே, அது கட்சிக்காரர் மாதிரி எங்கே வேண்டுமானாலும் ஏறி உட்காரும், ஆனால் பலன் பக்கத்தில் இருப்பவருக்குத்தான். வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே ஒரு வினையடை நுழைந்துவிட்டால் சாருக்குத் தாங்காது. "புருஷன் பெண்டாட்டிக்கு நடுவுல சம்பந்தமில்லாத ஆளு கேறி இருக்கப்பிடாது" என்று வருத்தத்தோடு சொல்லிக்கொண்டே அம்பு இழுப்பார். நாங்கள் அந்த அம்புக்குறிகளுக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் என்று பெயர் வைத்திருந்தோம். ஊழியர்களை விட வார்த்தைகளுக்குத்தான் எங்கள் பிரிவில் சீக்கிரம் இடமாற்றம் கிடைத்தது.

சிக்கல் என்னவென்றால், அம்பு இழுக்காமல் ஒரு பக்கத்தை அவரால் கைவிட முடியாது. எல்லாம் சரியாக இருந்துவிட்டால் ஆபத்து. ஸ்கேல் மறுபடி முதல் வரிக்கு ஏறும். மூன்றாவது முறை இறங்கும்போது நல்லபடியாக இருந்த வாக்கியத்தையே பிரித்துப் போட்டு, புதிதாகக் கட்டி, அதற்குள் ஒரு வினையடையைக் குடிவைப்பார். பக்கம் முழுக்கத் திரும்ப டைப் செய்ய வேண்டும். அதையும் அவர் படிப்பார். சின்னப் பிள்ளைகள் கேட்ட மூன்று நாள் கணக்கு இதுதான்.

ஒரு நாள் வீட்டில் காய்ச்சல்காரக் குழந்தையை விட்டுவிட்டு வந்த அவசரத்தில் 'இம்மீடியட்லி'யைப் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டேன். சார் முகம் மலர்ந்து போயிற்று. வட்டம் போட்டு, அம்பு இழுத்து, என்னைக் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் விளக்கினார். மீதிப் பக்கத்தை ஸ்கேல் இல்லாமலே பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பதினைந்து நிமிஷத்தில் கடிதம் மேலே போயிற்று. ராதாமணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு வரைவிலும் தெரிந்தே ஒரு வினையடையை இடம் மாற்றி வைத்தோம். அழகான குழந்தையின் கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு வைப்போமே, அந்தக் கணக்கில் நான் அதற்குத் திருஷ்டிப் பொட்டு என்று பேர் வைத்தேன். ராதாமணிக்கு விளக்கிச் சொன்னதும் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "மாமி, பொட்டு வெச்சோ?" என்று கேட்ட பிறகுதான் கோப்பைக் கட்டுவாள். சாதாரணக் கடிதத்துக்குச் சின்னப் பொட்டு. டைரக்டர் வரை போகிற கடிதமானால் பெரிய பொட்டு. சாருக்கு அவமானம் வராமல், எளிதாகவும் தெரியாமல், ஆனால் நிச்சயம் கண்ணில் படும்படி வைப்பது ஒரு கலை. நான் அதில் தேர்ந்துவிட்டேன். சார் கூப்பிட்டு விளக்குவார், நான் "ஓஹோ, இப்படியா சார்" என்பேன். அவர் திருத்திய பிறகுதான் நல்ல நகல் எடுப்பேன் என்பதால் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தப்பு வினையடை கூட வெளியே போனதில்லை. யாருக்கும் நஷ்டமில்லை, சார் சந்தோஷமாக இருக்கிறார், நான் நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்கிறேன். இப்படி ஆறு வருஷம்.

அதற்குள் கம்ப்யூட்டர் வந்தது. அம்பு இழுத்த இடத்துக்குச் சொல்லை வெட்டி எடுத்து ஒட்டினால் போதும், பக்கம் தானாக ஒழுங்காகிவிடும். டைப்ரைட்டர் காலத்தில் வரைவையும் நல்ல நகலையும் இருவர் உட்கார்ந்து ஒத்துப் பார்ப்போம். ஒருவர் வாசிப்பார், மற்றவர் விரல் வைத்துக்கொண்டே வருவார். கடைசியில் இருவரும் ஓரத்தில் இனிஷியல் போடுவோம். கம்ப்யூட்டரில் இரண்டும் ஒரே ஃபைல்தானே, எதை எதோடு ஒத்துப் பார்ப்பது என்று அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம். இனிஷியல் மட்டும் போட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் மே மாதம் பொது இடமாற்றப் பட்டியல் தயாரானது. முன்னால் ஒரு கடிதம், பின்னால் பெயரும் புதிய இடமுமாக ஓர் அட்டவணை. பன்னிரண்டாவதாக லில்லி புஷ்பம் என்று ஒரு பெண். வடகோடியில், காசர்கோட்டில் மூன்று வருஷமாகத் தனியாக இருந்தாள். புருஷனும் ஏழு வயது மகளும் இங்கே தெற்கே, நெய்யாற்றின்கரையில். வருஷா வருஷம் மனு போடுவாள், வருஷா வருஷம் இடம் இருக்காது. இந்த முறை நெய்யாற்றின்கரையே கிடைத்துவிட்டது. நல்ல சேதி சொல்கிற ஆசை எனக்கு எப்போதும் உண்டு. ஆர்டர் வருவதற்கு முன்பே போன் செய்து, "சாமானெல்லாம் கட்டிக்கலாம் லில்லி" என்று சொல்லிவிட்டேன்.

டைரக்டர் பட்டியலைப் பார்த்துவிட்டு, பதினொன்றாம் ஆளை விட லில்லி சீனியர், வரிசையை மாற்றுங்கள் என்று குறித்து அனுப்பினார். பதினொன்றாம் ஆள் காஞ்ஞங்காட்டுக்குப் போக வேண்டிய ஓர் இளைஞர். நான் இரண்டு பெயரையும் வெட்டி மாற்றி ஒட்டினேன். பெயரை மட்டும். பக்கத்துக் கட்டத்தில் இருந்த ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆறு வருஷமாக ஒற்றை வார்த்தையைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டுப் பழகிய கை அது. அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

பிரதி சாரிடம் போயிற்று. முதல் பக்கத்துக் கடிதத்தில் மறுபடி பெரிய பொட்டாகவே வைத்திருந்தேன். சார் கண்டுபிடித்தார், அம்பு இழுத்தார், விளக்கினார். நான் ஓஹோ சொன்னேன். அட்டவணையைத் திருப்பினார். அதில் வாக்கியமே கிடையாது, அவருக்கு அங்கே என்ன வேலை.

"லிஸ்ட் ஒத்துப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார். பஸ் கிடைத்தது.

எட்டு நாள் கழித்து, காலையில் நான் நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தபோது தோளில் பையோடு ஒரு பெண் வந்து நின்றாள். தம்பானூரில் ரயில் இறங்கி நேராக வந்திருக்கிறாள். பல்கூட விளக்கியிருக்கமாட்டாள். கையில் ஆர்டர்.

"மேடம்தானே போன்ல பேசினது? இதுல எனக்க பேருக்கு நேரே காஞ்ஞங்காடுன்னு கிடக்கு. நான் வாசிச்சது தப்பா இருக்கும்னு நெனச்சேன்."

வாங்கிப் பார்த்தேன். காஞ்ஞங்காடு என்றால் காசர்கோட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். மூன்று வருஷம் காத்திருந்தவளை அதே ஜில்லாவில் பக்கத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறோம்.

"ரூம் ஒழிஞ்சு குடுத்தாச்சு மேடம். பெட்டி எல்லாம் வீட்டுக்கு அனுப்பியாச்சு. எனக்க பிள்ள இப்பம் எனக்க தங்கச்சியைத்தான் அம்மான்னு விளிக்குது. இந்த ஜூன்ல நான் வந்துருவேன்னு சொல்லி வச்சிருக்கேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சார் தன் மேஜையிலிருந்து எழுந்து வந்தார். தன் ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் வந்திருப்பார். ஆர்டரை வாங்கி, ஸ்கேலை வைத்து அட்டவணையைப் படித்தார். அப்போதுதான் அதை முதல் முறையாகப் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும். "மோளே, நீ இரி" என்று அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு டைரக்டர் அறைக்குப் போனார்.

கால் மணி நேரத்தில் திரும்பினார். அந்த இளைஞர் ஆர்டர் கிடைத்த மறுநாளே நெய்யாற்றின்கரையில் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். யார்தான் சேரமாட்டார்கள். சேர்ந்தவரை எழுப்ப வேண்டுமானால் பட்டியலில் தப்பு எப்படி நடந்தது, யாரால் நடந்தது என்று பிரிவு எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் லில்லி அடுத்த வருஷம் மனு போடட்டும். டைரக்டர் சொன்னது இவ்வளவுதான். அதில் நியாயமும் இருந்தது.

லில்லியை வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டு, சார் தன் கையாலேயே விளக்கம் எழுதினார். என்னிடம் டைப் செய்யக் கொடுத்தார். அட்டவணையைத் தான் கவனமாகப் படித்ததாகவும், அப்படியும் தன் கண்ணில் தப்பிவிட்டதாகவும், தப்பு இன்அட்வர்டன்ட்லி, அதாவது அறியாமல், நேர்ந்ததாகவும், முழுப் பொறுப்பும் தன்னுடையது என்றும் எழுதியிருந்தார். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் அவர் பேரில் ஒரு மெமோ கிடையாது. என் பெயரோ ராதாமணி பெயரோ எங்கேயும் இல்லை. வினையடைகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

எனக்கு டைப் செய்ய வரவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன்.

"சார், இது நீங்க எழுத வேண்டியது இல்லை. லிஸ்டை நாங்க ஒத்துப் பார்க்கலை. பார்த்தாச்சுன்னு நான் சொன்னது பொய்."

"செரி."

"இன்னொண்ணும் இருக்கு சார்." சொல்லிவிட்டேன். திருஷ்டிப் பொட்டு என்ற பேரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். ராதாமணி தன் நாற்காலியில் குனிந்தபடியே இருந்தாள்.

அவர் பென்சிலை மேஜைமேல் வைத்தார். "எத்தன வருஷமா?"

"ஆறு."

"இந்த லிஸ்டுக்கு முன்னால வச்ச லெட்டர்ல கிடந்த இம்மீடியட்லி?"

"அதுவும் நான் வெச்சதுதான் சார்."

"அப்பம் நான் கண்டுபிடிச்சது எல்லாம் நீங்க ஒளிச்சு வச்சதாக்கும்."

"எல்லாம் இல்லை சார். பாதிக்குப் பாதி எங்க சொந்தத் தப்புதான்" என்றேன். சமாதானத்துக்குச் சொல்லவில்லை, அது நிஜம். நாங்கள் ஒரு பொட்டு வைத்தால் அவர் இரண்டு கண்டுபிடிப்பார், இரண்டாவது எங்களுக்கே தெரியாதது. ஆனால் அந்த நேரத்தில் அது என் வாயிலிருந்து வந்த விதம் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் காகிதத்தை வாங்கினார். கவனமாகப் படித்தேன் என்ற வரியை அடித்தார். இன்அட்வர்டன்ட்லியை வட்டம் போடாமல் நேராக அடித்துவிட்டார். ஒத்துப் பார்க்கப்படவில்லை, படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று அந்த இடத்தில் எழுதினார். "டைப் செய்தது யாருன்னு உங்க இனிஷியல் அடியில கிடக்கும். அது போதும், உங்க பேரு வேண்டாம்" என்றார். நான் என் பெயரையும் சேர்த்துத்தான் டைப் செய்தேன். படித்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

திருத்த ஆணை ஜூன் முதல் வாரம் வந்தது. அந்த இளைஞர் காஞ்ஞங்காட்டுக்குப் போகும் வழியில் என்னை நிறையத் திட்டியிருப்பார், அது எனக்குச் சேர வேண்டியதுதான். லில்லி நெய்யாற்றின்கரையில் சேர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் அம்மாவின் புடவையைப் பிடித்த பிடியை நாங்கள் கொடுத்த மிட்டாய்க்குக்கூட விடவில்லை. சாருக்கும் எனக்கும் தனித்தனியாக ஒரு வரி மெமோ வந்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. சார் தன்னுடையதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு சாதாரணக் கடிதம். ராதாமணியும் நானும் உட்கார்ந்து, அவள் வாசிக்க நான் விரல் வைத்து, இரண்டு தடவை ஒத்துப் பார்த்தோம். அதில் ஒரு தப்பும் இல்லை, எதையும் ஒளித்து வைக்கவும் இல்லை. நான் சர்வீஸில் சேர்ந்த நாள் முதல் அவ்வளவு சுத்தமான ஒரு பக்கத்தை டைப் செய்ததில்லை. கொண்டுபோய் வைத்தேன்.

சார் ஸ்கேலை வைத்தார். அது கடைசி வரி வரை இறங்கிற்று. மறுபடி மேலே ஏறிற்று. நாலாவது முறை இறங்கியபோது மணி பன்னிரண்டு.

"எங்க வச்சிருக்கு ஜானகி?" என்றார். குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை.

"ஒண்ணும் வெக்கலை சார். நீங்க தாராளமா நம்பலாம்."

"அதத்தான் ஆறு வருஷம் செய்தேன்" என்றார். பென்சிலை எடுத்து ஐந்தாவது தடவை முதல் வரியிலிருந்து தொடங்கினார். நான் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றேன். உட்காரச் சொன்னார், எனக்கு உட்காரத் தோன்றவில்லை.